பன்னிரண்டு வோல்ட் மாப்பிள்ளை

பாகம் பிரித்தபோது டிராக்டர் எங்களுக்கு வந்தது, மேடு பெரியவருக்குப் போனது. கேட்கிறவர்களுக்கு நாங்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று தோன்றும். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "உங்க அண்ணன் நல்லா ஏமாந்துட்டார்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வாயில் நானே இரண்டு போட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியவர் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். நேரில் மாமா என்று கூப்பிடுவேன். மனசுக்குள் கூப்பிடுவதை எழுத முடியாது.

விஷயம் இதுதான். அது அந்தக் காலத்துப் பெட்ரோல் டிராக்டர், ஆறு வோல்ட் பேட்டரி. பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டார் ஒரு முனகல் முனகும், இன்ஜினை அரைச் சுற்று சுற்றும், அப்புறம் எனக்கென்ன என்று படுத்துவிடும். பேட்டரியை மாற்றிப் பார்த்தோம், ஒயரை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அதைக் கிளப்ப ஒரே வழி, சரிவில் நிறுத்தி, தள்ளி உருட்டி, கியரில் கிளட்சை விடுவது. எங்கள் பக்கம் தரையெல்லாம் மேசை போலச் சமம். சரிவு என்று சொல்ல இருந்தது பெரியவர் வீட்டு முற்றத்து மேடு ஒன்றுதான். ஆகவே வண்டி எங்களுடையது, ஆனால் அது இராத்திரி தூங்குவது அவர் வீட்டில்.

தினமும் விடிந்ததும் பெரியவர் சீட்டில் ஏறி உட்காருவார். பின்னால் நின்று தள்ளுவது நானும் என் வீட்டுக்காரரும் என் ஓரகத்தியும். ஓரகத்தி, அதாவது பெரியவரின் மனைவி, எனக்கு அக்கா. முட்டி வலிக்காரி. ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தள்ளுவாள். "தள்ளுங்க, தள்ளுங்க! மூணு பேரும் சோறு திங்கலையா?" என்று மேலிருந்து குரல் வரும். மூன்று பேர் பின்னால் நின்று தாங்கினால்தான் ஐயா அடி எடுத்து வைப்பார் என்பதால் நானும் அக்காவும் அந்த வண்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தோம். மாப்பிள்ளை விடுகிற புகை முழுவதும் எங்கள் இரண்டு பேர் முகத்தில்தான்.

கிளம்பிய வண்டி நேராகப் பெரியவர் நிலத்துக்குப் போகும். "கிளப்பினவன் முதல்ல ஓட்டுறான், இதுல என்ன தப்பு?" என்பார். எங்கள் நிலத்து மண்ணோ ஒரு மாதிரி. மழை விட்ட மறுநாள் உழுதால் பொலபொலவென்று உதிரும். கொஞ்சம் தள்ளிப்போட்டால் ஓடாக இறுகிவிடும். போன பருவத்தில் பெரியவர் தன் நிலத்தை உழுதார், தன் சிநேகிதன் நிலத்தை உழுதார், அப்புறம் ஒரு நாள் ஓய்வெடுத்தார், அதற்கப்புறம்தான் எங்களுக்கு வண்டி வந்தது. கலப்பை கிழித்ததெல்லாம் பாறை பாறையாக விழுந்தது. போட்ட மக்காச்சோளத்தில் பாதி மண்ணுக்குள்ளேயே செத்தது. வரப்பில் உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதேன். துக்கத்தில் அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார். "அடுத்த பருவமும் இப்படிப் போச்சுன்னா நிலத்தை அண்ணன்கிட்டயே வாரத்துக்கு விட்டுடலாம். நமக்கும் அலைச்சல் இல்ல."

வாரத்துக்கு விடுவதாம்! எங்கள் நிலத்தில் அவர் உழுது, அவர் விதைத்து, அறுத்ததில் ஒரு பங்கை எங்களுக்குத் தருவார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு போக வேண்டும். அந்த நிலத்தில் ஒவ்வொரு கல்லையும் பொறுக்கிப் போட்டவள் நான். என் உயிர் இருக்கும்வரை அது நடக்காது என்று சொன்னேன். "சரி சரி, கத்தாதே" என்றார் அவர்.

கத்தினால்தானே காதில் விழுகிறது?

டவுனில் ஒரு பேட்டரிக் கடை இருக்கிறது. கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததில்லை. எல்லாருக்கும் அவர் ஃபியூஸ் அண்ணன். அவர் சட்டையில் ஆசிட் தெறித்த ஓட்டைகள் இல்லாத இடமே கிடையாது. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், வருகிறேன் என்ற நேரத்துக்கு வரமாட்டார், தன்னைப் போல் ஒருத்தன் இன்னும் பிறக்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேலை மட்டும் சுத்தமாக இருக்கும்.

"ஆறு வோல்ட்டா? அது இன்னுமா உயிரோட இருக்கு?" என்றார்.

"உயிரோட இருக்கிறதுதான் அண்ணே பிரச்சினை. செத்திருந்தா பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன்."

"பன்னிரண்டுக்கு மாத்திடுவோம். பழைய டைனமோவைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு கார் ஆல்டர்னேட்டரை மாட்டுவோம். பேட்டரி புதுசு, காயில் புதுசு, லைட்டுக்கு வேற பல்பு. செல்ஃப் மோட்டார் மட்டும் அதே இருக்கட்டும்."

"அது ஆறு வோல்ட் மோட்டாராச்சே. கருகிடாதா?"

"பட்டன் மேலயே படுத்துத் தூங்கினா கருகும். தட்டிட்டுக் கையை எடுத்தா ஒண்ணும் ஆகாது. இவ்வளவு நாள் முனகிச்சுல்ல, இனிமே சீறும் பாரு."

"அப்போ தள்ள வேணாமா?"

"தள்ளவும் வேணாம், சரிவும் வேணாம். எங்க நிறுத்தினாலும் கிளம்பும்."

எங்கே நிறுத்தினாலும். வேறு என்னென்னவோ சொன்னார், எதுவும் என் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் வரும்போது எங்கள் வீட்டு வாசலை மனசுக்குள் அளந்துகொண்டே வந்தேன். கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில் வண்டி தாராளமாக நிற்கும்.

பெரியவரிடம் விஷயம் எப்படிப் போனதோ தெரியாது. என் வீட்டுக்காரர் வாய்வழியாகத்தான் போயிருக்கும், வேறு எப்படிப் போகும்? மறுநாள் காலை சீட்டில் உட்கார்ந்துகொண்டே ஆரம்பித்தார்.

"ஆறு வோல்ட்ல பொறந்த வண்டி. அதுக்குப் பன்னிரண்டு குடுக்கப் போறாளாம்! பச்சப் புள்ளைக்கு இலை போட்டு விருந்து வைக்கிற மாதிரி. வண்டி மொத்தமும் எரிஞ்சு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"என் வண்டி மாமா. நான் பதில் சொல்லிக்கிறேன்."

"உன் வண்டியா?" என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "டேய், அப்படியா?"

என் வீட்டுக்காரர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரில் அப்படி என்னதான் இருந்ததோ. அக்கா மட்டும் யாருக்கும் தெரியாமல் என் முழங்கையைக் கிள்ளினாள். சும்மா இரு என்ற கிள்ளா, விடாதே என்ற கிள்ளா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. விடாதே என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கும் தள்ளினோம். வண்டி கிளம்பியது. பெரியவர் தன் வைக்கோலை ஏற்றி இறக்கி முடித்த பிறகு, தண்ணீர்த் தொட்டி இழுக்க வேண்டும் என்று சொல்லி வண்டியை வாங்கினேன். தண்ணீரை இழுத்தேன். அப்புறம் மேட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு ஓட்டிவந்து, கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில், அந்தச் சமதரையில் நிறுத்தி, சாவியைத் திருப்பினேன்.

இன்ஜின் அடங்கியது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

"அணைச்சிட்டியா? ஐயையோ! இனி இதை யார் கிளப்புறது?"

"நான்தான்."

"அண்ணன் என்னைக் கொன்னுடுவார்."

"உங்களை எதுக்குக் கொல்லணும்? அணைச்சது நானாச்சே. கையைக் கழுவிட்டு வாங்க, ஸ்பேனர் எடுக்கணும்."

பெரியவர் வந்தார், தாம் தூம் என்று குதித்தார். பிறந்த வீட்டையெல்லாம் இழுத்தார். நான் டைனமோவின் போல்ட்டில் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், "மழை வரட்டும், அப்போ தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான். மழைக்கு முன்னால் வண்டி தயாராகாவிட்டால் இந்தப் பருவமும் போச்சு, நிலமும் போச்சு. எனக்கும் அது தெரியும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஃபியூஸ் அண்ணன் சொன்ன நாளைக்கு மறுநாள் வந்தார். வந்தவர் நல்ல வேலை செய்தார், அதைச் சொல்ல வேண்டும். ஆல்டர்னேட்டர் உட்கார ஒரு இரும்புப் பட்டையை வளைத்து மாட்டினார். பெல்ட் நேராக ஓடுகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சாவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு பல்பைக்கூட மாட்டினார். ஒவ்வொன்றையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ தங்கச்சி. இந்தப் பழைய வண்டியில பேட்டரியோட பிளஸ்ஸைத்தான் வண்டி உடம்புல மாட்டியிருப்பாங்க. இனிமே தலைகீழ். மைனஸ்தான் உடம்புக்கு. மாத்தி மாட்டினா ஆல்டர்னேட்டர் அந்த நிமிஷமே காலி."

இதை அவர் பல தடவை சொன்னார். சொன்னதெல்லாம் என்னிடம். அதுதான் வினை.

எல்லாம் முடிந்து பேட்டரி ஒன்றுதான் பாக்கி. ஃபியூஸ் அண்ணன் கிணற்றடியில் கை கழுவப் போனார். நான் துண்டு எடுக்க உள்ளே போனேன். அதுவரை ஒதுங்கியே நின்ற என் வீட்டுக்காரருக்கு அந்த நேரம் பார்த்துப் பாசம் பொங்கிவிட்டது. நாமும் ஒரு கை கொடுப்போம் என்று பேட்டரியை எடுத்து வைத்து, இத்தனை வருஷமாக அந்த வண்டிக்கு எப்படி மாட்டுவாரோ அப்படியே மாட்டினார். பிளஸ்ஸை உடம்பில், மைனஸை ஒயரில்.

'சர்ர்' என்று ஒரு சத்தம். நான் ஓடிவந்தபோது ஆல்டர்னேட்டரிலிருந்து புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் அண்ணன் ஈரக் கையோடு பாய்ந்துவந்து ஒயரைப் பிடுங்கினார். பிடுங்கின வேகத்தில் சிவப்பு பல்பு நசுங்கியது. மெழுகு கருகினது போன்ற நாற்றம் வாசல் முழுக்க.

"போச்சு" என்றார் ஃபியூஸ் அண்ணன். அவர் ஒரே வார்த்தையில் பேசி முடித்ததை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "வேணும்னே பண்ணீங்களா? உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தாரா? சொல்லுங்க!" இன்னும் என்னென்னவோ கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. அவர் சுவரோடு சாய்ந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"எனக்கு அண்ணன்னா பயம்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா உனக்குத் துரோகம் பண்ற அளவுக்கு தைரியமும் எனக்கு இல்ல."

கோபம் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே போய் அவருக்குச் சோறு போட்டேன். போட்ட சோறு அப்படியே இருந்தது. என்னாலும் சாப்பிட முடியவில்லை. அந்த நேரத்தில்தான் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை கொட்டித் தீர்த்தது.

மழை விட்டதும் பெரியவரிடமிருந்து ஆள் வந்தது. நாளைக்குக் கயிறும் ஆட்களுமாக வருகிறாராம், வண்டியை இழுத்துக்கொண்டுபோய் மேட்டில் ஏற்றி, பழைய டைனமோவையே மாட்டி, தன் நிலத்தை முதலில் உழுது முடிக்கப் போகிறாராம். எங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வந்த ஆளிடம், "வரச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்றேன்.

பொழுது விடிந்ததும் டவுனுக்கு ஓடினேன். ஃபியூஸ் அண்ணன் கடை சாத்தியிருந்தது. எங்கோ நடுரோட்டில் நின்றுபோன ஒரு லாரியைப் பார்க்கப் போய்விட்டாராம். போன் அடித்தால் எடுக்கவில்லை. பழைய கார் உடைக்கிற இடத்துக்குப் போனேன். சேற்றில் கால் புதையப் புதைய நடந்து, கருகின ஆல்டர்னேட்டரை மேசைமேல் வைத்து, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"

"இருக்காங்க. அவங்கதான் இதைக் கருக்கினாங்க."

அவர் சிரித்துவிட்டு நல்லதாகவே ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கினேன். ஃபியூஸ் அண்ணன் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் செய்தேன். தடித்த ஒயர் பேட்டரிக்கு. இரண்டு மெல்லிய ஒயர்களில் ஒன்று இங்கே, ஒன்று சாவிக்கு. சாவிக்குப் போகிற ஒயரின் நடுவில்தான் அந்தச் சிவப்பு பல்பு இருந்தது. அது நசுங்கிக் கிடந்தது. சரி, ஏதோ அழகுக்கு மாட்டியிருப்பார், மனுஷருக்கு ஆடம்பரம் அதிகம் என்று நினைத்து, பல்பை வெட்டிப் போட்டுவிட்டு ஒயரின் இரண்டு நுனியையும் நேராக முறுக்கிச் சேர்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பெல்ட்டை நெம்பிப் பிடித்தார். நான் போல்ட்டை முறுக்கினேன். பேட்டரிக்கு வந்ததும் அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

"மைனஸ் உடம்புக்கு" என்று அங்கிருந்தே சொன்னார்.

"தெரியும்."

கடைசி போல்ட்டை இறுக்கும்போது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. பெரியவர், கயிற்றைத் தோளில் போட்ட நாலு பேர், எல்லாருக்கும் பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு அக்கா. இழுக்கிற கூட்டத்திலும் அவளைச் சேர்த்திருக்கிறார்!

"தள்ளி நில்லு. கயிறு கட்டணும்" என்றார் பெரியவர்.

நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன், பட்டனைத் தட்டினேன்.

அம்மாடி! அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. இத்தனை வருஷம் முனகிக்கொண்டு கிடந்த மோட்டார் ஒரு சீறு சீறியது. இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டது. கயிறு வைத்திருந்த ஆட்களில் ஒருவர் இரண்டு அடி பின்னால் போனார். மாப்பிள்ளை சமதரையில், ஒரு கையும் மேலே படாமல், தானாகக் கிளம்பி நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இது ஆத்திரத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் அவர் சாமானியப்பட்ட ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் சுதாரித்துக்கொண்டார்.

"சரி, கிளம்பிடுச்சுல்ல? நல்லதாப் போச்சு. இறங்கு. எங்க நிலம் ஈரமா இருக்கு, முதல்ல அதை முடிச்சுட்டு வரேன்."

"முடியாது மாமா. இந்தத் தடவை எங்க நிலம் முதல்ல."

"சொன்னாக் கேக்க மாட்டியா?" என்று கிட்டே வந்தார். எட்டிக் கையை நீட்டி, சாவியைத் திருப்பி, அப்படியே உருவிக்கொண்டார். உருவின சாவியை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார். படபடவென்று அது பாட்டுக்கு ஓடுகிறது. கயிற்றுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "நிறுத்து! நிறுத்துன்னு சொல்றேன்ல!" என்று பெரியவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"சாவி உங்ககிட்டதான் மாமா இருக்கு. நீங்களே நிறுத்துங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், அது ஏன் நிற்கவில்லை என்று எனக்கும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் ஆராய்ச்சியா செய்வார்கள்? கியரைப் போட்டேன். "ஏறுங்க!" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவர் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டி நகர ஆரம்பித்ததும் ஓடிவந்து மட்கார்டில் தொற்றிக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அக்காதான், முட்டியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று முழுவதும் உழுதோம். மண் நான் சொன்னபடியே பொலபொலவென்று உதிர்ந்தது. மதியம் தாண்டி ஃபியூஸ் அண்ணன் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அந்தச் சிவப்பு பல்பு எங்க?" என்றார் உடனே.

"அதை வெட்டிட்டு நேரா முறுக்கிட்டேன். அது அழகுக்குத்தானே?"

"அழகுக்கா! அடப் பாவமே! அந்த பல்பு தடுக்கலைன்னா ஆல்டர்னேட்டர்லேருந்து கரண்ட் திரும்பப் போய் காயிலுக்கு ஊட்டிக்கிட்டே இருக்கும். சாவியைப் பிடுங்கினாலும் இன்ஜின் நிக்காது."

"ரொம்ப நல்லதுண்ணே. அது நிக்காததாலதான் என் நிலம் உழுதாச்சு."

"நாளைக்கு வந்து பல்பு போட்டுத் தரேன். அதுவரைக்கும் டாப் கியர்ல போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, கிளட்சை விடு. திணறி நின்னுடும்."

பொழுது சாய்கிற நேரத்தில் கடைசி உழவுச் சாலும் முடிந்தது. வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் பெரியவர் வீடு. கேட்டை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, ரோட்டின் நடுவில் நின்றார். மேட்டைக் காட்டினார். உள்ளே வா என்று கையை ஆட்டினார்.

என் வீட்டுக்காரர் காதருகே குனிந்தார். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மேட்டுல விட்டுடலாமா? காலையில கிளம்பலைன்னா? சாவியும் அவர்கிட்ட இருக்கு."

எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. புது பேட்டரி ஒரு நாள்தான் உழைத்திருக்கிறது. ஒயரைச் சேர்த்தது என் கை, ஃபியூஸ் அண்ணன் கை இல்லை. மேட்டில் விட்டால் காலையில் நிச்சயம் கிளம்பும். ஆனால் விட்டால் அது அங்கேதான் நிற்கும். நாளைக்கும் நிற்கும், அடுத்த பருவத்துக்கும் நிற்கும். நான் பின்னால் நின்று தள்ளிக்கொண்டே கிழவியாவேன்.

"உங்களுக்கு இறங்கணும்னா இறங்கிக்கோங்க. நான் மெதுவாப் போறேன்" என்றேன். சொன்னபடி வேகத்தைக் குறைத்தேன்.

அவர் இறங்கவில்லை. மட்கார்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் வழியை விடுவதாகத் தெரியவில்லை. ஹாரனை அழுத்தினேன். அது ஆறு வோல்ட் ஹாரன், அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு வோல்ட் உள்ளே பாய்ந்ததும் அது கத்தின கத்து இருக்கிறதே, மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிப் பறந்தது. பெரியவர் ஒரே எட்டில் ரோட்டோரம் போய் நின்றார். ஹாரன் அதோடு கருகிப் போனது. போகட்டும்.

வீட்டு வாசலில், கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில், டாப் கியரில் போட்டு பிரேக்கை மிதித்துக் கிளட்சை விட்டேன். மாப்பிள்ளை ஒரு உதறு உதறி அடங்கினான். பின்னாலேயே பெரியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"இப்போ கிளப்பு பார்ப்போம்! சாவி இல்லாம எப்படிக் கிளப்புறேன்னு நானும் பார்க்கிறேன்!"

அந்த வண்டியின் சாவித் துளை எவ்வளவு தேய்ந்தது என்று மேலே உட்கார்ந்து மட்டுமே பழகினவருக்குத் தெரியாது. கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினேன். துளையில் விட்டுத் திருப்பினேன், பட்டனைத் தட்டினேன். சீறிக்கொண்டு கிளம்பியது. திணறடித்து நிறுத்தினேன். மறுபடி தட்டினேன். மறுபடி கிளம்பியது.

"போதும், போதும். பேட்டரி பாவம்" என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பி, கொஞ்சம் திக்கிக்கொண்டு, "வண்டி இங்கேயே நிக்கட்டும்ணே" என்றார்.

பெரியவர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மறுநாள் காலையில் வாசலில் செருமுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெரியவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் கொள்ளாமல் நுழைந்து பழகின மனுஷர் அவர். கையில் சாவி இருந்தது. கேட் கம்பிகளின் வழியாக அதை நீட்டினார்.

"நிலம் காய ஆரம்பிச்சிடுச்சு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "வண்டி கிடைக்குமா?"

முடியாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. போன பருவத்துப் பாறைக் கட்டிகள் கண்முன்னால் நின்றன. ஆனாலும் காய்கிற மண் யாருடையதாக இருந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

"எடுத்துட்டுப் போங்க மாமா. ஆனா பொழுது சாய்றதுக்குள்ள இங்க வந்து நிக்கணும்."

"ம்" என்றார்.

அவருக்குப் பின்னால் தேடினேன். யாரையும் காணவில்லை. "அக்கா எங்க?"

"தூங்குறா." அதைச் சொல்லும்போது அவர் குரலில் அப்படி ஒரு ஆவலாதி, என்னிடம் புகார் கொடுக்கிற மாதிரி. "எழுப்பினேன். தள்ளத்தான் வேணாமே, அப்புறம் நான் எதுக்குன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டா."

நான் இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, விடிந்த பிறகு அக்கா படுத்திருந்து பார்த்ததில்லை. காய்ச்சலிலும் எழுந்து வந்து தள்ளியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"தூங்கட்டும். எழுப்பாதீங்க" என்றேன். "கொஞ்சம் இருங்க மாமா, டீயைக் குடிச்சிட்டு வந்து கேட்டைத் திறக்கிறேன்."

உள்ளே வந்து அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். டீயை ஆற்றி ஆற்றி, ஒரு வாய் குடித்து, ஒரு வாய் வைத்து, நிதானமாகக் குடித்தேன். பெரியவர் வெளியே காத்துக்கொண்டிருந்தார்.